டானிக்கில் தீராத இரத்தசோகை

எச்.ஐ.வி.யோடு வாழும் ஒரு குழந்தையை வளர்க்கிறவர்களுக்காக, அதிலும் வெளியில் யாரிடமும் வாய் திறக்க முடியாமல் தனியாக அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தை என் அக்கா மகள். அக்காவும் அத்தானும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு என்னிடம் வந்தாள். அப்போது அவளுக்கு வயது ஆறு, எடை 15 கிலோ. அந்த வயதில் 20 கிலோ அளவில் இருந்திருக்க வேண்டும். நாக்கெல்லாம் வெண்படலம், மாறி மாறிச் சளியும் காய்ச்சலும். பிறக்கும்போதே தொற்றியிருந்த கிருமியை ஆறு வருடம் கழித்துத்தான் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள். நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை 160, ஹீமோகுளோபின் 9.4. சிடி4 குறைந்திருக்கிறது என்று எனக்கு நிதானமாக விளக்கினார்கள். 9.4 என்ற எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏ.ஆர்.டி. என்கிற, எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்தைத் தொடங்கினால் எல்லாம் சரியாகும் என்றார்கள். பெரும்பாலும் அது உண்மைதான், கூட்டு மருந்து வேலை செய்யத் தொடங்கினால் பல குழந்தைகளுக்கு இரத்தமும் தானாகவே ஏறும். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை.

அவள் எடைக்கு ஏ.ஆர்.டி. மையத்தில் அப்போது கையிருப்பில் இருந்தது ஜிடோவுடினும் லாமிவுடினும் சேர்ந்த குழந்தைகள் மாத்திரை. காலையில் இரண்டரை, மாலையில் இரண்டரை. அதோடு தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் டோலுடெகிராவிர், தினம் ஒரு வேளை. நிமோனியா வராமல் தடுக்கக் கோட்ரைமாக்சசோல். அரை மாத்திரையாக உடைப்பது, கரைப்பது, அவள் துப்பாமல் விழுங்குகிறாளா என்று பார்ப்பது என்று ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. நாக்கின் வெண்படலம் மறைந்தது. முதல் தடவையாகப் பசிக்கிறது என்று அவளே கேட்டாள். எனக்கு நம்பிக்கை வந்தது.

இரண்டாவது மாதத்தில் அவள் விளையாட்டு குறைந்தது. பள்ளிக்கூடத்தில் மேசையில் தலை வைத்துப் படுத்துவிடுகிறாள் என்று ஆசிரியை சொன்னார். ஒரு நாள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துகொண்டு, "சித்தி, படி ஏறினால் காதுக்குள்ளே டப் டப் என்று கேட்கிறது" என்றாள். அது அவள் இதயத்துடிப்பின் சத்தம். இரத்தம் மிகவும் குறையும்போது இதயம் ஓங்கி அடிக்கும், அது காதிலேயே கேட்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரியவர்கள் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று சொல்வார்கள். குழந்தை அப்படிச் சொல்லாது, விளையாடாமல் நின்றுவிடும். இந்தக் குழந்தைகள் கொஞ்சம் சோர்ந்தால் நோய் அப்படி என்று எல்லோரும் கடந்துபோய்விடுகிறார்கள்.

நகத்தைப் பார்த்து இரத்தம் குறைந்திருக்கிறதா என்று சோதிப்பது பலருக்கும் பழக்கம். நானும் பார்த்தேன். வெளிறிப் போனதாகத் தெரியவில்லை, அதற்குப் பதிலாகக் கட்டைவிரல் நகத்தில் நீளவாக்கில் கருநீலக் கோடுகள் இருந்தன. மண்ணில் விளையாடிய அழுக்கு என்று தேய்த்துக் கழுவினேன், போகவில்லை. ஜிடோவுடின் சாப்பிடுகிற சிலருக்கு நகத்தில் இப்படி நிறம் ஏறும், அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கோடுகள் இருக்கிற நகத்தை வைத்து இரத்தத்தைக் கணிக்கக் கூடாது. கீழ் இமையை மெதுவாக இழுத்து உட்பக்கம் பாருங்கள், உள்ளங்கையைப் பாருங்கள். அவள் இமைக்குள் சிவப்பே இல்லை.

பக்கத்தில் இருந்த குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வெளியில் காத்திருந்தவர்களுக்குக் கேட்காமல், மேசை ஓரமாகக் குனிந்து விஷயத்தைச் சொல்லி, ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுத்த புத்தகத்தையும் அவர் முன்னால் வைத்தேன். ஒருவரிடம் அதைச் சொல்வதற்கு எனக்கு எத்தனை நாள் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது என்பது இதே நிலையில் இருப்பவர்களுக்குப் புரியும். அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. "அந்த மருந்தெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இது சத்துக் குறைவு" என்று இரும்புச்சத்து டானிக் எழுதினார். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.1. மையத்தில் அந்தத் தாளைக் காட்டினேன். அங்கே இருந்தவர், "குழந்தை மருத்துவர் டானிக் கொடுத்திருக்கிறார் இல்லையா, தொடருங்கள்" என்றார். இவர் அவரைக் கைகாட்டினார், அவர் இவரைக் கைகாட்டினார். ஒரே குழந்தையின் உடம்பை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பார்த்தால், நடுவில் விழுவதைப் பார்க்க யாரும் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

டானிக்கில் இரண்டு மாதத்துக்கு மேல் போனது. மலம் கறுப்பாகப் போனது (அது டானிக்கினால் வருவது, பயப்பட வேண்டாம், டானிக் இல்லாமலேயே கறுத்தால் இரத்தக் கசிவா என்று உடனே பார்க்க வேண்டும்). அலுவலகத்தில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்து எடுத்து மேலதிகாரி முகம் மாறிவிட்டது. வேறு வேறு சத்து மாவு, சத்து மருந்து என்று யார் எதைச் சொன்னாலும் வாங்கினேன். சேமிப்பில் பெரும்பகுதி அதில்தான் கரைந்தது. அவள் மட்டும் நாளுக்கு நாள் வெளிறினாள். கடைசியில் ஓர் இரவு மூச்சுத் திணறலோடு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஹீமோகுளோபின் 5.8.

அங்கே பணியில் இருந்த குழந்தை மருத்துவர் இளம்பெண். இரத்தம் ஏற்ற வேண்டும் என்றவுடன் நான் உடனே ஏற்றுங்கள் என்று கெஞ்சினேன். அவர், "ஏற்றுவோம். அதற்கு முன்னால் சோதனைக்கான இரத்தத்தை எடுத்துவிடுகிறேன்" என்று சின்னச் சின்னக் குழாய்களில் எடுத்துக்கொண்டார். அந்த நிமிடத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. காரணம் பிறகு விளங்கியது. வேறொருவரின் இரத்தம் உள்ளே போய்விட்டால் குழந்தையின் சிவப்பணுக்கள் எந்த அளவில் இருந்தன, தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறு உண்டா என்பதையெல்லாம் சில வாரங்களுக்குத் தெளிவாகப் பார்க்க முடியாது. உங்கள் குழந்தைக்கு அப்படி ஒரு நிலை வந்து, உயிருக்கு நிமிடக் கணக்கு இல்லை என்றால், "முதலில் மாதிரி எடுத்துவிட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் பழைய பரிசோதனைத் தாள்களைக் கேட்டார். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன். டானிக் எழுதிய நாளில் எடுத்த தாளை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். எம்.சி.வி. 104. பக்கத்தில் 'அதிகம்' என்பதற்கான குறியும் அச்சாகியிருந்தது. எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. அந்த வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய 77 முதல் 95 வரை இருக்கும். இரும்புச்சத்து குறைந்தால் அணுக்கள் சிறுத்துப் போகும், எண் இறங்கும். இவளுக்கு அணுக்கள் பெருத்திருந்தன. அதாவது வெறும் இரும்புக் குறைவு இல்லை என்பதற்கான சாட்சி இரண்டு மாதமாக என் உறைக்குள்ளேயே இருந்திருக்கிறது. மூன்று மேசைகளில் அந்தத் தாளை விரித்திருக்கிறேன், எல்லோரும் மேல் வரியில் இருந்த ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்கள். அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது.

"ஜிடோவுடின் சாப்பிடுகிற பெரும்பாலோருக்கு அணு பெரிதாகும், அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது" என்றும் அவரே சொன்னார். அடுத்துப் பார்க்க வேண்டியது ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை. எலும்பு மஜ்ஜை புதிதாகத் தயாரித்து அனுப்புகிற இளம் சிவப்பணுக்கள் அவை. இரத்தம் எங்கோ உடைந்தோ கசிந்தோ போனால் மஜ்ஜை ஈடுகட்டப் பார்க்கும், இந்த எண் ஏறும். இவளுக்கு ஏறக்குறைய இல்லை என்கிற அளவு. மஜ்ஜையே வேலையை நிறுத்திக்கொண்டிருந்தது. வெள்ளணுக்களும் குறைந்திருந்தன. 1987இல் எச்.ஐ.வி.க்கு முதன்முதலாக அனுமதி பெற்ற மருந்து ஜிடோவுடின். அது மஜ்ஜையை அடக்கும் என்பதும் அன்றிலிருந்தே தெரிந்த விஷயம். ஒரு தடவை எடுத்த இரத்தத்தில் ஹீமோகுளோபின், எம்.சி.வி., ரெட்டிகுலோசைட் மூன்றையும் சேர்த்துப் பார்த்திருந்தால் போதும், எங்களுக்கு அந்த இரவு வந்திருக்காது.

இந்த மருந்து எல்லாக் குழந்தைகளையும் இப்படிச் சாய்ப்பதில்லை. பலர் ஒன்றும் ஆகாமல் சாப்பிடுகிறார்கள், அதனால் படித்த கையோடு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். யாருக்கு ஆபத்து கூடுதல் என்று அவர் சொன்னதைத்தான் கவனிக்க வேண்டும்: மருந்து தொடங்கும் முன்பே இரத்தம் குறைந்திருந்தவர்கள், சிடி4 மிகவும் இறங்கியிருந்தவர்கள், எடை குறைந்தவர்கள். மூன்றும் என் பெண்ணுக்கு இருந்தன. அப்படிப்பட்ட குழந்தைக்கு ஜிடோவுடின்தான் கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், தொடங்கும் முன் ஒரு இரத்தப் பரிசோதனை, பிறகு முதல் மூன்று மாதத்துக்கு மாதம் ஒன்றாவது என்று கேட்டு வாங்குங்கள். இறக்கம் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் தெரியும்.

மருந்து ஒன்றுதானா காரணம் என்று கேட்டேன். எச்.ஐ.வி. உள்ள குழந்தைக்கு அநேகமாக ஒரே ஒரு காரணம் இருக்காது என்றார். கிருமியே மஜ்ஜையைப் பாதிக்கிறது. அதற்கு மேல், உடம்பில் நாள்பட்ட அழற்சி இருந்தால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடும், அது இரும்பைப் பூட்டிய களஞ்சியத்தில் தானியம் போலச் செல்களுக்குள்ளேயே அடைத்துவிடும். இரும்பு இருந்தும் இரத்தம் ஆகாது. இரும்பின் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனையும் இந்த நிலையில் ஏமாற்றும், ஏனென்றால் தொற்று இருந்தாலே பெரிட்டின் ஏறும். எச்.ஐ.வி. உள்ள குழந்தைக்குப் பெரிட்டின் இயல்பு என்று தாளில் வந்தால், அழற்சிக்கான சி.ஆர்.பி. பரிசோதனையோடு சேர்த்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். காசநோய் இன்னொரு பெரிய காரணம். விடாத காய்ச்சலும் எடை ஏறாமையும் இரத்தசோகையும் சேர்ந்திருந்தால் அதைத் தேடாமல் விடக் கூடாது. பார்வோ வைரஸ் பி19 என்று ஒன்று உண்டு. மற்றக் குழந்தைகளுக்குக் கன்னம் சிவந்து சில நாளில் போய்விடுகிற சாதாரணத் தொற்று, எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்கு மஜ்ஜையில் தங்கிச் சிவப்பணு உற்பத்தியையே மாதக்கணக்கில் நிறுத்திவிடும். கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும், மலேரியா உள்ள இடங்களில் அது அணுக்களை உடைக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை, நீண்ட வயிற்றுப்போக்கு உள்ள குழந்தை, சாப்பாட்டை விட்டுவிட்டுப் பாலை மட்டும் நிறையக் குடிக்கிற குழந்தை ஆகியோருக்கு நிஜமான இரும்புக் குறைவும் சேர்ந்தே இருக்கலாம். அப்போது ஜிடோவுடின் அணுவைப் பெரிதாக்க, இரும்புக் குறைவு சிறிதாக்க, எம்.சி.வி. நடுவில் நின்று எல்லாம் சரி என்பதுபோல் காட்டும்.

எங்களுக்கு மலப் பரிசோதனையில் புழு இல்லை, காசநோயும் இல்லை. பார்வோ பரிசோதனை முடிவு அவள் தேறி வீட்டுக்கு வந்து பல நாள் கழித்து வந்தது, அதிலும் ஒன்றும் இல்லை.

கோட்ரைமாக்சசோல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவும் போலிக் அமிலத்தின் வேலையில் குறுக்கிடுகிற மருந்து, மஜ்ஜையைக் கொஞ்சம் பாதிக்கக்கூடியது. இதைத் தெரிந்துகொண்ட ஒருவர், "அதை நிறுத்திப் பாருங்களேன்" என்று எனக்கு அறிவுரை சொன்னார். மருத்துவர் கண்டிப்பாக மறுத்தார். 2004இல் வெளியான ஜாம்பியா ஆய்வில், எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்குத் தினமும் இதைக் கொடுத்தபோது இறப்பு 43 சதவீதம் குறைந்தது என்று சொல்லி, சந்தேகப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் குழந்தையை நிமோனியாவிடம் கொடுத்துவிடுவோம் என்றார். எந்த மருந்தை மாற்றுவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கோட்ரைமாக்சசோலை விட்டுவிட்டு அதற்குப் பதிலாக டாப்சோன் என்ற மருந்தைக் கொடுக்க நேர்ந்தால், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு உண்டா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு டாப்சோன் சிவப்பணுக்களை உடைக்கும்.

ஜிடோவுடினை எடுத்துவிட்டு அபகாவிர் கொடுத்தார்கள். அது வேறு வகையில் பயமுறுத்தும் மருந்து. சிலருக்கு முதல் ஆறு வாரத்துக்குள் காய்ச்சல், தடிப்பு, வாந்தி, மூச்சுத் தொல்லை என்று ஒவ்வாமை வரும். அப்படி வந்து நிறுத்தினால் வாழ்நாளில் மறுபடி அதைத் தொடவே கூடாது, இரண்டாம் தடவை உயிருக்கே ஆபத்து. அந்த ஆறு வாரமும் அவள் தும்மினால் எனக்குத் தூக்கம் போனது. ஒன்றும் வரவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இன்னொரு விஷயம். டானிக்கை எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டார். காலையில் வெறும் வயிற்றில், டோலுடெகிராவிரோடு சேர்த்து. டானிக் பாட்டிலிலும் வெறும் வயிற்றில் என்றுதான் இருந்தது, யாரும் வேறு சொல்லவில்லை. இரும்பும் கால்சியமும் டோலுடெகிராவிரைப் பற்றிக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். அந்த மாத்திரையை இரும்புக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ கொடுக்க வேண்டும், சேர்த்துக் கொடுக்க வேண்டிவந்தால் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். அப்போது எடுத்த வைரல் லோடு (இரத்தத்தில் இருக்கும் கிருமியின் அளவு) எதிர்பார்த்த அளவு இறங்கியிருக்கவில்லை. டானிக்கினால்தான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தேவையில்லாத டானிக், தேவையான மருந்தின் காலை வாரியிருக்கலாம் என்ற நினைப்பே எனக்கு நெருப்பாக இருந்தது. வயிற்றெரிச்சல் மருந்து, கால்சியம் மாத்திரை, சத்து மாத்திரை எதுவாக இருந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

எந்த எண்ணில் கவலைப்பட வேண்டும் என்று பலருக்கும் தெரிவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 5 முதல் 11 வயது வரை ஹீமோகுளோபின் 11.5க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை, 8க்குக் கீழே போனால் கடுமையானது. 12 முதல் 14 வயதுக்கு 12க்குக் கீழே. இரண்டு வயதுக்கு மேல் ஐந்து வயது முடியாத குழந்தைகளுக்கு 11க்குக் கீழே, அவர்களுக்கு 7க்குக் கீழே கடுமை. ஒரு எண்ணை விட அது இறங்குகிற போக்குதான் முக்கியம். 9.4, 8.1, 5.8 என்று என் பெண்ணின் எண்களை ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தால் மருத்துவம் படிக்காதவருக்கும் புரிந்திருக்கும். தனித்தனித் தாளில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது ஒரு நோட்டில் தேதி, எடை, ஹீமோகுளோபின், எம்.சி.வி., சிடி4, வைரல் லோடு, அன்றைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த எல்லா மருந்துகளின் பெயர் (சளி மருந்து உட்பட) என்று கோடு போட்டு எழுதுகிறேன். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் விரிக்கிறேன். திறக்க மறுப்பவரிடம் இரண்டாம் தடவை போவதில்லை.

ஜிடோவுடின் நின்ற சில வாரத்தில் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. மறுபடி இரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11ஐத் தொட்டது, இப்போது 11.9. அதற்கடுத்த வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியது. எடை 20 கிலோவைத் தாண்டியதால் டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம் ஒற்றை மாத்திரையாக மாறியிருக்கிறது. எடைக்கு ஏற்ப அளவு மாறும் மருந்துகள் இவை, அதனால் ஒவ்வொரு முறையும் எடை பார்க்காமல் மருந்து கொடுத்தால் நான் வாங்குவதில்லை. தராசில் ஏற்றச் சொல்வதற்கு இப்போது எனக்குக் கூச்சமில்லை.

மருந்து வாங்கும் நாளில் டப்பாவின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் பையில் போடுகிறேன். கையிருப்பு மாறினால் மருந்தும் மாறும், எழுதிக் கொடுப்பவரும் மாறுவார். அவள் புத்தகத்தின் முதல் பக்கத்தில், "ஜிடோவுடினால் கடுமையான இரத்தசோகை ஏற்பட்டது, மீண்டும் கொடுக்க வேண்டாம்" என்று அந்த இளம் மருத்துவரிடமே சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். உங்கள் குழந்தைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ அதையும் தேதி போட்டு அதே பக்கத்தில் எழுதி வாங்குங்கள், கடைசிப் பக்கத்தில் எழுதினால் யாரும் பார்ப்பதில்லை.